சிறிய உழவு இயந்திரம் இயங்க மறுக்கும்போது

பெரும்போக உழவுக்கு மழை பதம் தந்திருக்கும் வேளையில், மட்டக்களப்பின் படுவான்கரை வயலில் சிறிய உழவு இயந்திரம் இயங்க மறுத்தால், எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் ஸ்டார்ட்டர் மோட்டரை உடனே கழற்றுவதை நான் ஏற்பதில்லை. திறப்பைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், பெரும்பாலும் மின்னோட்டம் போதவில்லை என்றே பொருள். நன்கு மின்னேறிய 12 வோல்ட் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும், ஸ்டார்ட்டர் சுழலும்போது அது 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கினால் பற்றரியைச் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, இயந்திரச் சட்டத்துடன் இணையும் பற்றரியின் எதிர்முனை (−) வயரின் துருவைச் சுரண்டிப் பாருங்கள். சேற்றிலும் நீரிலும் உழலும் இயந்திரத்தில் பலரும் கவனிக்காத இடம் அதுதான். ஒலியே இல்லையெனில் பியூஸையும் கிளச் மிதியோடு சேர்ந்த பாதுகாப்புச் சுவிட்சையும் பாருங்கள். எஞ்சின் சுழன்றும் இயங்காவிட்டால், டீசல் வடிகட்டியில் தேங்கிய தண்ணீரை வடித்து, குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்றுங்கள்.