அப்பாவின் கண்ணும் ஆறு அங்குலத் திரையும்

அப்பா வியாசர்பாடியில் பந்து ஆடி வளர்ந்தவர். துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தண்டையார்பேட்டை வீட்டில் அவருக்கு இருக்கும் ஒரே ஆசை, ராத்திரியில் வரும் ஐரோப்பிய கால்பந்து. சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. போன் திரையில் பந்து எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை.

மேட்ச் காட்டும் ஆப்பில் நான் வாங்கியிருந்தது போனுக்கான குறைந்த விலைத் திட்டம். மச்சான் கொடுத்த, டிவியில் மாட்டும் ஆண்ட்ராய்டு பெட்டியில் அதே கணக்கைப் போட்டால், 'இந்தச் சாதனத்தில் பார்க்க முடியாது' என்று வந்தது. போனிலிருந்து டிவிக்கு ஒயர் போட்டேன். வர்ணனை கேட்டது, படம் கறுப்பு. சரி என்று கூடுதல் பணம் கட்டி டிவி திட்டத்துக்கு மாறினேன். படம் வந்தது, ஆனால் கலங்கலாக. அப்பா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, "இன்னாடா, ஆறா ஒன்பதா, நம்பரே தெரியல" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க இதையே தேடிப் படித்தேன்.

பெட்டியில் பழுது எதுவும் இல்லை. கூகுளின் வைட்வைன் என்ற பூட்டுதான் விஷயம். படம் பூட்டப்பட்டு வருகிறது. திறக்கும் சாவி கருவிக்குள் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தரம் பிரிக்கிறார்கள். சிப்புக்குள்ளேயே தனியாகக் காவல் போட்ட இடத்தில் திறந்தால் எல் 1. வெறும் மென்பொருளில் திறந்தால் எல் 3. அதைத் திருடுவது சுலபம் என்பதால் பல சேவைகள் எல் 3 கருவிக்குத் தெளிவான படத்தைத் தருவதே இல்லை. எங்கள் பெட்டி எல் 3. ஒயரில் வந்த கறுப்புக்கும் இதே மாதிரி ஒரு காரணம்: எச்டிசிபி என்ற காவல் முறை. நடுவில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். ஒன்று சொல்லாவிட்டாலும் படம் நின்றுவிடும்.

ஆனால் எல்லாமே திருட்டு பயம் இல்லை. 2010-ல் அமெரிக்காவில், இணையத்தை டிவியில் காட்டும் கூகுள் டிவி வந்தபோது ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று டிவி நிறுவனங்களும் தங்கள் இணையதள நிகழ்ச்சிகளை அந்தக் கருவிக்கு மட்டும் அடைத்தன. லேப்டாப்பில் திறக்கும் அதே பக்கம் டிவியில் திறக்காது. டிவி விளம்பரத்தில் வரும் காசு இணையத்தில் வராது, கேபிள்காரர்கள் தரும் பணமும் கைவிட்டுப் போகும் என்ற கவலைதான். நம் ஊரில் நெட்ஃப்ளிக்ஸ் 2019-ல் மாதம் 199 ரூபாய்க்குக் கொண்டுவந்த திட்டமும் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான். திரை பெரிதானால் விலை வேறு.

உரிமைக்குக் கோடிகளைக் கொட்டியவர்கள் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் தெருவில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள். அங்கே டிவி ஆடம்பரம் இல்லை, வீட்டுக்கே பொதுவான ஒரே கண். கேபிள் மட்டும் இருந்த காலத்தில் படம் தெரியவில்லை என்றால் கேபிள் அண்ணனைக் கூப்பிடுவோம், அவர் மாடி ஏறிப் பார்ப்பார். இப்போது ஒரு வரி எழுத்து வருகிறது, அவ்வளவுதான். பணம் வாங்கும் பக்கத்திலேயே, எந்தக் கருவியில் எவ்வளவு தெளிவாக வரும் என்று பெரிய தமிழ் எழுத்தில் போட வேண்டும். அப்பா மாதிரி ஆட்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

போன வாரம் எல் 1 இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, டிவியில் செருகும் ஒரு ஸ்டிக் வாங்கினேன். சனிக்கிழமை ராத்திரி அம்மா தூங்கியதும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கும் முன்பே அப்பா, "ஆஃப்சைடுடா" என்றார்.