விஸ்கி வடிக்கிறவன் கருப்பட்டி காய்ச்சின கதை

பதினோரு வருடமாக எனக்குச் சோறு போடுவது விஸ்கி. கர்நாடகத்தில் ஒரு மால்ட் விஸ்கி ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் அம்மா "கெமிக்கல் கம்பெனி" என்பாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

2025 சித்திரையில் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தினார்கள். சேர்ந்து கிடந்த லீவையும் போட்டு நாற்பது நாள் ஊருக்கு வந்தேன். திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைக்குக் கிழக்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரமாக எங்கள் ஊர். பெரியப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. இன்னும் முப்பது பனை ஏறுகிறார், காலையும் மாலையும். இறக்குவதைக் காய்ச்சுவது பெரியம்மை. அந்த வருடம் அவளுக்கு மூட்டுவலி. அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் எழ இன்னொரு ஆள் வேண்டும். கூலிக்கு யாரும் வரவில்லை. பனை வேலைக்கு இப்போது யார் வருகிறார்கள்?

"நான் காய்ச்சுதேன்" என்றேன்.

பெரியம்மை மேலும் கீழும் பார்த்தாள். "பேண்ட்டக் கழத்திட்டு சாரத்தக் கட்டு மொதல்ல."

எனக்கு உள்ளூர ஒரு தைரியம் இருந்தது. சர்க்கரைத் தண்ணீரும் கொதியும் நுரையும்தானே, தினமும் பார்ப்பது. பையில் சர்க்கரை அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் புளிப்பு பார்க்கும் பிஹெச் தாளும் கூட வந்திருந்தன. முதல் நாள் பதநீரை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்: பதிமூன்று சதவீதம். ஆலையில் பார்லியை அரைத்து, 64 டிகிரி வெந்நீரில் ஊறப்போட்டு, வடிகட்டி எடுக்கிற சாறும் கிட்டத்தட்ட இதே இனிப்புத்தான். பனை அதை ஆலை எதுவும் இல்லாமல் பாளை நுனியில் தருகிறது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

முதல் மூன்று நாள் பெரியம்மை கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்லக் காய்ச்சினேன். சுமாராக வந்தது. நாலாவது நாள்தான் என் படிப்பைக் காட்டினேன்.

பாளையில் கட்டுகிற கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலையையும் அன்று நானே எடுத்துக்கொண்டேன். பெரியப்பா தடவுவதைப் பார்த்தால் எனக்குக் கை கூசும். அவ்வளவு அள்ளி அப்புவார். கருப்பட்டி கறுத்துப்போவதும் நாக்கில் காரல் தட்டுவதும் இதனால்தான் என்று நானே முடிவு கட்டி, பாதிச் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து உள்ளே சுற்றிவிட்டேன். பெரியப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் அரிவாளைப் போட்டுக்கொண்டு, தளைநாரைக் காலில் மாட்டி, ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கலயங்களை ஊற்றும்போது ஒரு வாசனை வந்தது. லேசான பழவாசனை, அடியில் ஒரு துளி புளிப்பு. எனக்கு மிகவும் பழகின வாசனை. ஆலையில் நொதிக்கும் தொட்டியைத் திறந்ததும் இப்படி அடித்தால், ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சந்தோஷமாக அடுத்த தொட்டிக்குப் போவேன். அன்றைக்கும் அப்படியே மூக்கு சொன்னதை நம்பி அடுப்பில் ஏற்றினேன். பதினோரு வருடம் பழக்கின மூக்கு இப்படித்தான் என் காலை வாரிவிட்டது.

நாலு மணி நேரம். பனமட்டையும் உடைமுள்ளும் எரிந்து தீர்ந்தன. பதநீர் சுண்டிக் கூப்பதநீர் ஆகி, அதுவும் குறுகிப் பாகானது. சிரட்டையில் ஊற்றினேன். இறுகவில்லை. சாயங்காலம் வரை இறுகவில்லை. விரலால் தொட்டால் இழுத்துக்கொண்டு வந்தது. பெரியம்மை ஒரு சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தாள். விழமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"திருநெல்வேலிக்குக் கொண்டுட்டுப் போயி அல்வாக் கடையில குடுத்துட்டு வா. நெய்ய மட்டும் அவியள ஊத்திக்கிடச் சொல்லு."

நடந்தது இதுதான். பாளையைச் சீவியதும் சொட்டும் சாறில் கிடப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், நம் சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் அதில் குடியேறிவிடும். கொஞ்சம் சாராயம் ஆக்கும், கொஞ்சம் அமிலம் ஆக்கும். சாராயம் அடுப்பில் ஆவியாகிப் போய்விடும், அமிலம் போகாது. புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் சுக்ரோஸ் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைந்துவிடும். ஃப்ரக்டோஸ் லேசில் இறுகாது; ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பைக் கொல்கிறது, கிருமிகளையும் அண்டவிடாமல் வைக்கிறது. மிச்சமிருந்த பதநீரில் தாளை நனைத்தேன். 5. எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். நல்ல பதநீர் என்றால் எட்டுக்கு மேலே காட்டியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் விளக்கமாகச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சுண்ணாம்பு தடவுனா கருப்பட்டி. தடவலன்னா கேசு. இத சொல்லதுக்கு இவ்வளவு நேரமாலே?"

அவர் சொன்ன கேசு, வேதியியல் இல்லை. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அதே மரம், அதே பாளை, அதே கலயம். உள்ளே வெள்ளையாக ஒரு பூச்சு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள்ளு, போலீஸ். எங்கள் வீட்டில் அந்தக் காலத்துக் கதைகள் நிறைய உண்டு, இங்கே வேண்டாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னட்டும் என்று தொட்டிக்குச் சூடு பார்த்து, சம்பளம் வாங்கி, வருங்கால வைப்பு நிதியும் பிடிக்கிற வேலை என்னுடையது. தின்ன விடாமல் காவல் காக்கிற வேலை அவருடையது. அவருக்கு வைப்பு நிதி கிடையாது.

அதற்குப் பிறகு தடவுவதை அவரே எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் அள்ளி அப்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மேகமூட்டமான நாளுக்கு ஒரு கை, வெயில் ஏறும் நாளுக்கு ஒரு கை, நிறையச் சுரக்கும் மரத்தின் கலயத்துக்கு இன்னொரு கை. அலகுப்பனை என்கிற ஆண்பனைக்கும் பருவப்பனை என்கிற பெண்பனைக்கும் கூட வேறுபாடு வைத்திருந்தார். முப்பது கலயமும் எந்தெந்த மரத்துக்கு என்று பார்த்ததும் சொல்வார். எனக்கு எல்லாம் ஒரே கலயம்.

அடுத்த பாடம் நுரை. மே 6ஆம் தேதி சாயங்காலம். காய்ச்சுகிற அகலச் சட்டியைத் தாச்சி என்போம். அன்றைக்குப் பதநீர் அதிகம், இரண்டாவது தாச்சியை மதியத்துக்கு மேல்தான் அடுப்பில் ஏற்றினேன். அப்போது ஆலையிலிருந்து கூட வேலை பார்க்கிறவன் போன் செய்தான். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் வர்த்தக ஒப்பந்தம் முடிவாகிவிட்டதாம். ஸ்காட்ச் விஸ்கிக்கு அப்போதிருந்த 150 சதவீத இறக்குமதி வரி, ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் பாதியாகி 75, பத்தாவது வருடத்தில் 40. "நம்ம சரக்கு இனி நிக்குமா?" என்று அவனுக்குக் கவலை. எனக்கும்தான். காய்ச்சுகிற ஓலைக் குடிசையான விடிலியை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏய்யா! பொங்குது!"

திரும்பிப் பார்த்தால் தாச்சிக்கு மேல் இன்னொரு தாச்சி கவிழ்த்த மாதிரி வெள்ளை நுரை நிற்கிறது. விளிம்பில் வழிந்து அடுப்பில் விழுந்து புஸ்ஸென்று கரும்புகை. நான் துடுப்பைத் தேடுகிறேன். மூட்டுவலிக்காரி பெரியம்மை எப்படி எழுந்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. மாடத்தில் இருந்த டப்பாவில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து நுரைமேல் தூவினாள். அவ்வளவுதான். பலூனில் ஊசி குத்தின மாதிரி நுரை அமுங்கி உள்ளே போய்விட்டது.

இடித்த கொட்டைமுத்து. ஆமணக்கு விதையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதன் எண்ணெய் நுரைக் குமிழியின் தோலில் பரவியதும் தோல் தாங்காமல் உடைந்துவிடுகிறது. ஸ்காட்லாந்து ஆலைகளில் முதல் வடிப்புப் பானை பொங்கி மேலேறாமல் இருக்க, முன்பெல்லாம் வாசனையில்லாத சோப்புத் துண்டை உள்ளே போடுவார்கள். எங்கள் ஆலையில் செம்புப் பானையின் கழுத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறது. நுரை அதுவரை ஏறினால் நீராவியைக் குறைக்க வேண்டும். சோப்பு சமாச்சாரத்தைச் சொன்னதும் பெரியம்மை முகத்தைச் சுளித்தாள். "குடிக்கதுலயா சோப்பு? சீ."

அன்று ராத்திரி கஞ்சி குடிக்கும்போது பெரியப்பா விசாரித்தார். "உங்க கம்பெனியில என்னத்தத்தான் காய்ச்சுதிய?"

"பார்லி, பெரியப்பா."

"பார்லித் தண்ணி நீர்க்கடுப்புக்கில்லா குடுப்பாவ?"

முளைகட்டி, காயவைத்து, அரைத்து என்று நான் ஆரம்பித்ததுமே பெரியம்மை பிடித்துக்கொண்டாள். "மொளகட்டுன கேப்பயில பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுத மாதிரி. சாதாக் கேப்ப களியா நிக்கும், மொளகட்டுனா எளகி ஓடும்." நூற்றுக்கு நூறு. முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதி மாவை உடைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. அதனால்தான் கஞ்சி இளகுகிறது, இனிக்கிறது. எங்கள் ஆலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இதைப் புரியவைக்க நான் படம் எல்லாம் வரைவேன். இனிமேல் கேப்பைதான்.

அப்புறம் இரண்டு நாள் நொதிப்பு, எட்டு சதவீதச் சாராயம், செம்புப் பானையில் இரண்டு முறை வடிப்பு, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி நடுவில் வருவதை மட்டும் பீப்பாயில் அடைப்பது என்று சொல்லி முடித்தேன். கூடவே, நம் நாட்டில் விற்கும் விஸ்கியில் பெரும்பகுதி கரும்பாலைப் பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் கலந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியத்தில் வடிக்காததை விஸ்கி என்று பேர் போட்டு விற்க முடியாது என்பதையும் சொன்னேன்.

"சீனி போட்ட கருப்பட்டி" என்றார் பெரியப்பா. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது; ஆனாலும் சந்தையில் சீனிப்பாகில் காய்ச்சின கருப்பட்டி பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, பாதி விலைக்கு. எட்டு லிட்டர் பதநீர் சுண்டினால் ஒரு கிலோ. ஏறுகிற காலுக்கும் எரிகிற விறகுக்கும் கணக்குப் போட்டால் அந்த விலைக்கு எவனாலும் நல்ல கருப்பட்டி தர முடியாது.

பதம் பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்ட வேண்டும். கரைந்தால் இன்னும் வேண்டும். மெத்தென்று உருண்டால் விறகை இழுக்க வேண்டும். உருண்டையைத் தாச்சி விளிம்பில் தட்டினால் "டிக்" என்று கேட்கிறபோது இறக்கியிருக்க வேண்டும். கேட்ட பிறகு யோசித்தால் கருகிவிடும். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 118, 119 என்று காட்டியது. ஆனால் காற்று அடித்து அடுப்பு ஒருபக்கமாக எரியும் நாளில் தாச்சியின் இந்த ஓரத்துக்கு ஒரு சூடு, அந்த ஓரத்துக்கு ஒரு சூடு. பெரியம்மை தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லை. கொப்புளம் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டாள். முதலில் சளசளவென்று, பிறகு கனத்து, கடைசியில் 'பொளக், பொளக்' என்று விட்டுவிட்டு. கட்டிலில் திரும்பிப் படுத்தபடியே "எறக்கு" என்பாள்.

இறக்கியதும் சும்மா ஊற்றக் கூடாது. துடுப்பால் தாச்சியின் பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்துக் கிண்ட வேண்டும். பாகின் நிறம் மங்கி, மணல் தட்டத் தொடங்கும்போது நனைத்து வைத்த சிரட்டைகளில் விறுவிறு என்று ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் இறுக நேரமாகும், ஒரு நிமிடம் பிந்தினால் தாச்சியிலேயே கல்லாகிவிடும். என் வலது முன்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. ஆலையில் பதினோரு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

வெந்த கருப்பட்டியில் கொஞ்சத்தைப் பெரியம்மை விற்பதில்லை. ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவாள், புகை படட்டும் என்று. பழைய கருப்பட்டிக்கு விலையும் கூட, பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்துக்கும் அதுதான். எங்கள் பீப்பாய்க் கிடங்கு ஞாபகம் வந்தது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும்; தேவதைகளின் பங்கு என்பார்கள். நம் வெயிலில் அது பத்து சதவீதத்தைத் தொடும். அங்கே மூன்று வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்தால்தான் ஸ்காட்ச் என்று பேர். பரணில் நிலைமை நேர் எதிர். அங்கிருந்து எதுவும் வெளியே போவதில்லை. ஐப்பசி மழையில் காற்றின் ஈரம்தான் உள்ளே வருகிறது, கருப்பட்டி வேர்க்கிறது. அதனால்தான் புகை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வியாபாரி வந்தார். நான் காய்ச்சினதும் முந்தி பெரியம்மை காய்ச்சினதும் ஒரே சாக்கில் இருந்தன. அவர் கையை உள்ளே விட்டு, சரியாக என்னுடையதில் ஒன்றை எடுத்தார். திண்ணை விளிம்பில் தட்டி இரண்டாக உடைத்து, நடுவில் பார்த்தார். ஒரு சில்லை நாக்கில் வைத்து ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆலையில் சரக்கை ருசி பார்க்கிறவர்கள் முன்னால் நிற்பது போலவே இருந்தது.

"அக்கா, இதுல கை மாறியிருக்கே."

"கையெல்லாம் அதே கைதான்" என்றாள் பெரியம்மை, எழாமலே. "ஒன் நாக்குதான் மாறிட்டு. எடையப் போடு."

அவர் என்னைப் பார்த்தார், என் முன்கையைப் பார்த்தார், தராசை எடுத்தார்.