ஒற்றை ஆள் உண்ணாவிரதம்: 1989-இல் அப்பிச்சிக்காக அனுமதி கேட்டு அலைந்தது

தனி ஆளாக உண்ணாவிரதம் உட்காரப் போலீஸ் அனுமதி வேண்டுமா என்று தெரிந்த பையன் ஒருவன் கேட்டான். நான் வக்கீல் இல்லை. ஆனால் காலேஜில் படிக்கும்போது என் அப்பிச்சிக்காக, அதாவது அம்மாவின் அப்பாவுக்காக, அந்த அனுமதிக்கு அலைந்தவன். அதைச் சொல்கிறேன்.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்கும் படை என்ற பெயரில் நம் ராணுவம் இலங்கைக்குப் போனது. புலிகளிடம் ஆயுதத்தை வாங்கி வைக்கப் போன படை, அக்டோபரில் புலிகளோடே சண்டையில் இறங்கிவிட்டது. என் மாமன் மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். 1989 தொடக்கத்தில் முல்லைத்தீவுப் பக்கம் கண்ணிவெடியில் போய்விட்டார். உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பலையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் அனுப்பினார்கள். பெட்டிக்குள் ஷேவிங் செட், பாதி தீர்ந்த கோபால் பல்பொடி, அத்தை எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில். மாவட்டத்துக்கே அப்போது பெரியார் மாவட்டம் என்றுதான் பேர். அமைதிப்படை விஷயத்தில் ஊர் ரெண்டுபட்டுக் கிடந்தது. காங்கிரஸ்காரர்கள் நாட்டுக்காகப் போன படை என்றார்கள். திராவிடர் கழகத்துக்காரர்கள் தமிழனைக் கொல்லப் போன படை என்றார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் நம் சிப்பாய்கள் சுட்டுக் கொன்ற சேதி, 1987 அக்டோபரில் நடந்தது, ஊருக்குள் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. எழவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எதுவும் பேசாமல் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பேசியவர்கள் பேசாமலே இருந்திருக்கலாம்.

1989 ஜூன் மாதம் இலங்கையின் புது ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். டெல்லி முடியாது என்றது. தினத்தந்தியில் அதைப் படித்த அப்பிச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “ஊட்டுக்காரனே போன்னு சொல்லிப்போட்டான். இன்னும் எதுக்குக் கண்ணு பசங்களை அங்க வெச்சிருக்கறாங்க? நான் தாலுகா ஆபீஸ் முன்னால போயி உக்காரப் போறேன்.”

முதல் தடை வீட்டுக்குள்தான். அத்தைக்கு அலகாபாத்திலிருந்து பென்ஷன் ஆர்டர் இன்னும் வந்திருக்கவில்லை. கவர்மென்ட்டை எதிர்த்து உட்கார்ந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ ஓதிவிட, அத்தை கைக்குழந்தையோடு அழுதுகொண்டு நின்றார். அவரையே கூட்டிக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க், ரிட்டயர்டு ஹவில்தார், பொறுமையாகக் கேட்டார். “பென்ஷன் உங்க பேருக்கு வர்றதுங்கம்மா. மாமனார் எங்க உக்காந்தா என்னங்க?” அதை எழுத்தில் தரச் சொன்னேன். சிரித்தார். “நிறுத்தறதுக்கும் ரூல் இல்ல தம்பி, நிறுத்தமாட்டோம்னு எழுதிக் குடுக்கவும் ரூல் இல்ல.” இதை அத்தை தன் காதால் கேட்டதுதான் முக்கியம். நான் வந்து சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

அடுத்தது ஸ்டேஷன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மனு அடித்தோம். அப்பிச்சி சொன்னபடி ‘சாகும்வரை உண்ணாவிரதம்’ என்று இருந்தது. நல்லவேளை, கொடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டினோம். அவர் பேனாவால் அந்த வார்த்தையை அடித்தார். சாகும்வரை என்று எழுதினால் தற்கொலை முயற்சி என்று இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவில் தூக்கிவிடுவார்கள். காலை 8 முதல் மாலை 5 என்று நேரம் போடுங்கள் என்றார். (2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபின் 309 இல்லை. ஆனால் அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயன்றால் அந்தப் புதுச் சட்டத்தில் 226-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நேரம் போடுவது இன்றைக்கும் நல்லது.) இன்னொன்றும் சொன்னார். போலீஸ் சட்டம் 30(2) கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும்தான். சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லவும் ஐந்து பேராவது வேண்டும். ஒருத்தர் உட்கார்ந்தால் அது கூட்டமே இல்லை. ஆகவே அனுமதி கேட்காதீர்கள், தகவல் கொடுங்கள்.

மனுவின் தலைப்பை மாற்றி அடித்தோம். ஸ்டேஷனில் வாங்கிப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்கள். ரசீது கிடையாது, பதில் கிடையாது. ‘ஐயா வரட்டும்’ என்பதே பதில். இந்த மாதிரி இடத்தில் வாய்ச்சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. அதே மனுவை எஸ்.பி.க்கும் கோட்டாட்சியருக்கும் ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்ததும் ஸ்டேஷனில் பேச்சே மாறியது. உட்காரச் சொன்னார்கள்.

நடுவே மப்டியில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் புலி ஆதரவாளரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அப்பிச்சி பதில் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியைத் திண்ணைக்கு இழுத்து வந்து திறந்து காட்டினார். அவர்கள் மோர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

உண்மையில் போலீஸைவிடக் கஷ்டம் கொடுத்தவர்கள் ஆதரவுக்கு வந்தவர்கள். கழகத் தோழர்கள் பந்தல், மைக் செட், கறுப்புக் கொடி எல்லாம் தருகிறோம் என்றார்கள். நல்ல மனுஷர்கள், பொய் இல்லை. அப்பிச்சி கேட்டார்: “உங்க கொடிக்குக் கீழ உக்காந்தா, என்ற பையனைக் கொன்னவங்களுக்கு ஜே போடோணுமுங்களா?” காங்கிரஸ்காரர் ஒருவர் வந்து, வீரமரணம் அடைந்தவனின் அப்பா ராணுவத்தைக் கேவலப்படுத்தலாமா என்றார். “கேவலப்படுத்தலீங். மிச்சமிருக்கறவங்க வரட்டும்ங்கறேன்.” ரெண்டு தரப்புக்கும் அவர்மேல் வருத்தம். போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்ட்கூடத் தன் பங்குக்கு ‘வீரமரணம்’ என்று சேர்க்கப் பார்த்தார். வேண்டாம் என்று அப்பிச்சி பக்கத்திலேயே நின்று எழுத வைத்தார்: என் மகன் போய்விட்டான். மற்றவர்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

சந்தை நாளாகப் பார்த்து உட்கார்ந்தார். வேப்பமரத்தடி, ஒரு பாய், யூனிபார்ம் போட்டோ, போர்டு. நான் தண்ணிச் சொம்போடு எதிர்க்கடையில். பக்கத்தில் உட்கார்ந்தால் ரெண்டு பேர் ஆகிவிடும் என்று வக்கீல் உத்தரவு. கழகத்தவர்கள் அவர் கேட்டபடி ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் வந்து, போ என்றால் போவதுதான் பட்டாளத்தானுக்கு வேலை, கேள்வியை டெல்லியில் போய்க் கேளுங்கள் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் டெல்லிக்குப் போக எங்களிடம் வழி இல்லை.

மத்தியானத்துக்கு மேல், சந்தைக்குக் கோழி விற்க வந்த ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்தார். மடியிலிருந்து ஒரு லெட்டரை எடுத்து, “இவன் எந்த ஊர்ல இருக்கறானுங்க?” என்று அப்பிச்சியிடம் நீட்டினார். அனுப்புநர் பகுதியில் நம்பர், பேர், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி. அவ்வளவுதான். அந்த முகவரியில் ஊர் இருக்காது. அப்பிச்சி லெட்டரை முழுக்கப் படித்துக் காட்டினார். மழை, சாப்பாடு, தங்கச்சி கல்யாணம் பற்றித்தான் எழுதியிருந்தான் பையன். ‘இங்கே’ என்பதற்கு மேல் இடம் சொல்லவில்லை. அந்த அம்மா கூடையை ஓரமாக வைத்துவிட்டு மாலை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் ஆனதைப் போலீஸ் கண்டுகொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு எலுமிச்சைத் தண்ணி குடித்துவிட்டுப் போஸ்ட் ஆபீஸ் போய்ப் பிரதமருக்குத் தந்தி அடித்தோம். பதில் வரவில்லை. பென்ஷன் ஆர்டர் வந்தது. படை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, 1990 மார்ச் 24-இல் கடைசித் தொகுதியும் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னைத் துறைமுக வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. அது சரிதான் என்று ஊரில் பாதி, துரோகம் என்று பாதி. அப்பிச்சி அந்தச் சண்டையில் சேரவில்லை. இறங்கியவர்களின் போட்டோவைப் பேப்பரில் ரொம்ப நேரம் பார்த்தார்.

2005 ஆகஸ்டில் அவர் இல்லை. அமெரிக்காவில் சிண்டி ஷீஹன் என்ற அம்மா, முந்தைய வருஷம் ஏப்ரலில் ஈராக் போரில் பாக்தாத்தின் சதர் நகரில் மகன் கேசியைப் பறிகொடுத்தவர், டெக்சாஸில் ஜனாதிபதி புஷ்ஷின் பண்ணைக்குப் போகும் ரோட்டோரம் கூடாரம் போட்டிருந்தார். எந்த உன்னத நோக்கத்துக்காக என் மகன் செத்தான் என்று ஜனாதிபதியிடம் நேரில் கேட்க வேண்டும் என்றார். புஷ் அந்த மாதம் அவரைச் சந்திக்கவில்லை. போரை ஆதரித்த, பிள்ளையை இழந்த வேறு பெற்றோர்களே எதிர்த்துப் பேசினார்கள். கேசியின் அப்பா வழி உறவுக்காரர்கள் சிலர், எங்களுக்கு இதில் உடன்பாடில்லை என்று அறிக்கை விட்டார்கள். ரோட்டோரம் நட்டிருந்த சிலுவைகள்மீது ஒருவன் வண்டியை ஏற்றினான்.

டிவியில் இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அந்தம்மாளுக்குச் சோறு தண்ணி யாரு கொண்டு போறாங்க?”

“ஏகப்பட்ட பேர் கூட இருக்காங்கம்மா.”

“அப்பக் கொடியும் வந்திருக்கும்” என்றாள் அம்மா.