ஸ்கிரீன்ல கார்ட்ஸ் (குரல் நாண்கள்) தெரியுது, மூச்சுக்குழாய்க்கான ட்யூப் போகல... ஏர்வே (மூச்சுப்பாதை) வைவாவுல எனக்கு வந்த கேள்வி

எம்டி அனஸ்தீஷியா பிராக்டிகலுக்கு ரெடியாகுற தம்பி தங்கச்சிகளுக்கு எழுதுறேன், நான் மதுரைலதான் பிஜி முடிச்சேன். அண்ணா நகர் ரூம்ல உக்காந்து மேக்கின்டாஷ் பிளேடு (நாக்க தூக்குற, கொஞ்சமா வளைஞ்ச தகடு) 1943, கார்மாக் லெஹேன் (குரல்வளை எவ்வளவு தெரியுதுன்னு சொல்ற கிரேடு) 1984, கிளைடுஸ்கோப் (கேமரா வச்சு குரல்வளைய ஸ்கிரீன்ல காட்டுற கருவி) 2001னு வருஷமா மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், அதுல ஒண்ணுகூட கேக்கல. எக்ஸாமினர் கிளைடுஸ்கோப்ப கையில குடுத்துட்டு "கார்ட்ஸ் நல்லா தெரியுது, ட்யூப் போகல, என்ன செய்வ?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு தியேட்டர்ல கிடைச்சிருந்துச்சு. செகண்ட் இயர்ல ஒரு அம்மா, குட்டைக் கழுத்து, கிளைடுஸ்கோப்போட ரொம்ப வளைஞ்ச பிளேடு போட்டதும் கிரேடு ஒண்ணு (கார்ட்ஸ் முழுசா தெரியுது), அந்த சந்தோஷத்துல கண்ண ஸ்கிரீன்லயே வச்சுக்கிட்டு ட்யூப தள்ளுறேன் தள்ளுறேன் ஸ்கிரீனுக்கு வரவே இல்ல, சாஃப்ட் பேலட் (மேல்வாயோட பின்பக்க மெத்துச் சதை) கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு. கேமரா பிளேடு நுனிகிட்டதான இருக்கு, உதட்டுலருந்து அதுவரைக்கும் உள்ள எடத்த அது காட்டாது, நம்ம கண்ணுதான் பாக்கணும். நல்லவேளை சின்னக் கிழிசல், தானா ஆறிருச்சு, மறுநா அந்த அம்மாகிட்ட நானே போயி நடந்தத சொன்னேன், அவங்க "சரி விடுப்பா"ன்னாங்க, எனக்குத்தான் ரெண்டு நாள் சோறு எறங்கல.

அதுக்கப்புறம் சீனியர் அக்கா ஒருத்தங்க கைய புடிச்சு சொல்லிக்குடுத்ததுதான் இது. பிளேடு வைக்கையில வாயப் பாரு, அப்புறம் ஸ்கிரீன், ட்யூப் நுழைக்கையில திரும்ப வாய், நாக்கத் தாண்டுனதும் திரும்ப ஸ்கிரீன். ஸ்டைலெட்ட (ட்யூபுக்குள்ள போடுற கம்பி) பிளேடு வளைவுக்கே வளைச்சுக்கங்க. முழு வியூ வேணும்னு பிளேட ஆழமா தூக்காதீங்க, குரல்வளை முன்னால போயிரும், ட்யூப் ஏறாது, கொஞ்சம் பின்னால இழுத்து பாதி வியூ வந்தா போதும். நுனி கார்ட்ஸ தாண்டுனதும் ஸ்டைலெட்ட கொஞ்சம் உருவிட்டுத் தள்ளுங்க, அப்பவும் முன்பக்கச் சுவத்துல முட்டுனா ட்யூப கடிகாரச் சுத்துல திருப்புங்க. மேக்கின்டாஷ் வடிவ பிளேடுன்னா இவ்வளவு பாடு இல்ல, சாதா பூஜியே (ட்யூபுக்கு வழிகாட்டுற மெல்லிசு குச்சி) போயிரும், ரெண்டுக்கும் வித்தியாசத்த கட்டாயம் கேப்பாங்க.

இதோட நிறுத்தாதீங்க. 2016 ஆல் இந்தியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் கைடுலைன்ல உள்ளபடி மூக்கு வழியா நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடணும், சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 95 சதவீதத்துக்குக் கீழ எறங்குனா பிளேட எடுத்துட்டு மாஸ்க்ல வென்டிலேட் பண்ணணும், அத கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. ட்யூப் கார்ட்ஸுக்குள்ள போறத கண்ணால பாத்தாலும் கேப்னோகிராஃப்ல (வெளிவிடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைட காட்டுற கருவி) அலை வரணும். நான் அத சொன்னப்பதான் எக்ஸாமினர் தலைய ஆட்டிட்டு அடுத்த டேபிளுக்குப் போகச் சொன்னார்.