உறவுமுறை என்று ஒரு கட்டம்

கிராம நிர்வாக அலுவலராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்துபோய், வாரிசு சான்று கேட்டு அவர் மனைவி மனு கொடுத்திருந்தார். விசாரணைக்கு வீட்டுக்கே போனேன். திண்ணையில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர். குடும்ப அட்டையைப் பார்த்துக்கொண்டே, ஆடுமாடு கணக்கெடுக்கிற தொனியில், "பெரிய பையன் மூத்த தாரத்துப் பிள்ளைதானே?" என்று கேட்டுவிட்டேன்.

பேச்சு அப்படியே நின்றது. தூணைப் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்குப் பதினொரு வயது இருக்கும். அவன் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்தான். அந்தம்மா என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது தலையாரி சொன்னார்: "ஒன்பது வருஷமா ஊர்ல ஒருத்தர்கூட அவன்கிட்ட வாயைத் திறக்கல சார்."

ஊரே கட்டிக்காத்த ஒன்றை நான் ஒரே கேள்வியில் போட்டு உடைத்தேன். அப்புறம் எந்த வாரிசு விசாரணைக்குப் போனாலும், முதல் வேலையாகப் பிள்ளைகளை டீ வாங்கி வர அனுப்பிவிடுவேன். எனக்கு டீ பிடிக்காது என்பது வேறு விஷயம்.

பேச்சில் யாரும் மாற்றாந்தாய் என்று சொல்வதில்லை. மத்திய அரசு நிதி தராதபோது செய்தித்தாளுக்கு மட்டும் தேவைப்படுகிற வார்த்தை அது. வீட்டில் 'சித்தி'தான். அக்கா இறந்துவிட்டால் தங்கையை அதே வீட்டில் கட்டிக்கொடுக்கிற வழக்கம் இருந்ததால், சில வீடுகளில் அம்மாவின் தங்கையும் அப்பாவின் இளைய தாரமும் ஒரே ஆள். அம்மா மறுமணம் செய்துகொண்ட வீட்டில்தான் திண்டாட்டம். அந்த மனிதரைக் கூப்பிட ஒரு வார்த்தை கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணமாகிப் போகும்வரை "இந்தாங்க", "சாப்பிட வாங்க" என்றே ஓட்டிவிட்டாள்.

என் மனுப் படிவத்தில் அப்படி ஓட்ட முடியாது. 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கும், நிரப்பியாக வேண்டும். அப்பா இறந்தால் இளைய மனைவி, மூத்த தாரத்துப் பிள்ளைகள், இளைய தாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் வாரிசு, சமபங்கு. அதுவரை சரி. ஆனால் அம்மா கூடக் கூட்டி வந்த பிள்ளை, அந்த மனிதரே வளர்த்து ஆளாக்கியிருந்தாலும், முறைப்படி தத்தெடுக்காவிட்டால் பட்டியலில் வரமாட்டான். அப்பன் கடனுக்கு வட்டி கட்டியவன் அவனாகவே இருந்தாலும் வரமாட்டான்.

வேடிக்கை என்னவென்றால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் வந்த சட்டம் மாற்றாந்தாயையும் மாற்றுத் தந்தையையும் 'பெற்றோர்' என்றே சொல்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மகன், "அவங்களா என்னைப் பெத்தாங்க?" என்று கேட்டான். அதிகாரி பதில் பேசாமல் புத்தகத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார். மாதாமாதம் பணம் கட்ட உத்தரவானது. சோறு போடுவதற்கு அவள் தாய். சொத்து என்று வரும்போதுதான் அரசாங்கத்துக்கு நினைவு தப்பிவிடுகிறது.

அப்படித் தப்பியதை நானே எழுத வேண்டிவந்தது 2011-இல். கல்யாணமாகாத இருபத்தாறு வயதுப் பையன், பைக் விபத்து. பெற்ற தாய் அவன் நான்கு வயதில் இறந்துவிட்டாள், அப்பாவும் இல்லை. வளர்த்த சித்தியும் அவர் பெற்ற மகளும்தான். அவன் பெயரில் முக்கால் ஏக்கர் இருந்தது. அந்தம்மா ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டைகள். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் எல்லாம் இவர் கையெழுத்து. முதல் அட்டையில் எழுத்துக் கூட்டி எழுதியதுபோல் இருந்தது, பத்தாம் வகுப்பில் ஒரே இழுப்பு.

1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முதல்நிலை வாரிசில் 'தாய்' உண்டு. ஆனால் அது பெற்ற தாய், அல்லது தத்தெடுத்த தாய். இவர் 'தகப்பனின் விதவை'. இரண்டாம்நிலையில் ஆறாவது வரிசை. தகப்பன் வழித் தங்கை இரண்டாவது வரிசையிலேயே வந்துவிடுவாள். இதை நான் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, மென்று விழுங்கித்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண், "அப்ப எங்கம்மா யாரு சார் அவனுக்கு?" என்று கேட்டாள். பதில் படிவத்தில் இருந்தது, என் வாயில் வரவில்லை.

மனுவில் 'தாய்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'தந்தையின் இரண்டாவது மனைவி' என்று திருத்திச் சுருக்கொப்பம் போட வேண்டும். திருத்தம் என்றால் சிவப்பு மை. பேனாவைத் திறந்தேன்.

"அடிக்கிறதுன்னா அடிங்க சார்," என்றார் அந்தம்மா. "சிவப்புல மட்டும் வேணாம்."

நீலத்திலேயே அடித்தேன். கோப்பு மேலே போனதும் வருவாய் ஆய்வாளர் கூப்பிட்டு, ஏன்யா இதை நீலத்தில் திருத்தினாய் என்று கேட்டார். சிவப்புப் பேனா தீர்ந்துபோச்சு சார் என்றேன்.