ஓசூருக்குப் போகும் பெட்டிகள்

பெங்களூரு பீன்யாவில் ஒரு கடைசல் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் என் பொறுப்பு. நாங்கள் கடையும் தண்டுகள் ஓசூரிலுள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றுக்குப் போகின்றன. கொள்முதல், கடைசல், தரப் பரிசோதனை, கணக்கு என்று எங்களுக்குள் எத்தனை பிரிவுகள் இருந்தாலும் ஓசூர்க்காரருக்கு வேண்டியவை இரண்டுதான்: அளவு பிசகக் கூடாது, சொன்ன நாளில் சரக்கு வந்து சேர வேண்டும். எந்தப் பிரிவும் தனித்து நின்று இவற்றைக் கொடுத்துவிட முடியாது.

இதில் கணக்குப் பிரிவின் பங்கைப் பலர் கவனிப்பதே இல்லை. கடைந்த தண்டுகளைக் கடினப்படுத்த அருகிலுள்ள சிறிய ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்கு அனுப்புகிறோம். அவர்களுடைய பில் எங்கள் மேசைகளில் தேங்கினால், அடுத்த முறை எங்கள் சரக்கு உலை வரிசையில் கடைசிக்குப் போய்விடும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் போகும். எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாள்களுக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. வட்டிக்கு அஞ்சிக் கொடுப்பதைவிட, ஓசூரில் காத்திருப்பவரை நினைத்துக் கொடுப்பதே முறை என்பேன்.

அடுத்தது, இயந்திரம் ஓயாமல் ஓடினால் லாபம் என்ற நம்பிக்கை. வேறு அளவுக்கு இயந்திரத்தைத் தயார்செய்ய, அதாவது செட்டிங் மாற்ற, நேரம் பிடிக்கிறது என்று ஒரே அளவுத் தண்டை ஓட்டிக் குவிக்கிறோம். வாடிக்கையாளருக்கு அன்று தேவையான அளவு வரிசையில் கிடக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, தளத்தில் 6,000 தண்டுகள் கிடந்து நாளொன்றுக்கு 1,000 வெளியேறினால், ஒவ்வொன்றும் சராசரியாக 6 நாள் உள்ளே தங்கும். அதே வேகத்தில் குவியலைப் பாதியாக்கினால் காத்திருப்பும் பாதியாகும். அதற்குச் சிறிய தொகுதிகள் வேண்டும். சிறிய தொகுதிகளுக்கு விரைவான செட்டிங் வேண்டும்.

டொயோட்டாவில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் 1,000 டன் பிரஸ் ஒன்றில் வார்ப்பச்சை (டை) மாற்ற 4 மணி நேரம் பிடித்தது. 1969இல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ அதை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். இயந்திரம் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளை முன்கூட்டியே முடித்துவிடுவதுதான் அதன் அடிப்படை. தர்மபுரிக்காரரான எங்கள் மூத்த செட்டர் இதை எங்கும் படித்தவர் அல்லர். “இயந்திரம் நின்ற பிறகு ஸ்பேனரைத் தேடக் கூடாது தம்பி” என்பார். அடுத்த வேலைக்கான கருவிகள் அளந்து முடித்து, தள்ளுவண்டியில் அடுக்கித் தயாராக இருக்கும். ஓசூரிலிருந்து வரும் அவசர ஆர்டரை நடுவே நுழைக்க முடிகிறதென்றால், அது அவர் மிச்சப்படுத்தித் தரும் நேரத்தால்தான்.

ஆனால் எங்கள் ஊதிய மதிப்பீட்டுப் படிவத்தில் அவருடைய பெயருக்கு எதிரே உற்பத்தி எண்ணிக்கைக்கு மட்டுமே இடம் இருக்கிறது. செட்டிங் நேரத்துக்கும் ஒரு கட்டம் சேர்க்கும்படி மேலாளரிடம் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்.