புகையிலை இல்லை என்றுதானே சொன்னேன்

"புகையிலை போடுவீங்களா?" "இல்லை சார்." இந்தக் கேள்வி பதிலில் எனக்கு ஏழு மாதம் வீணாய்ப் போனது.

பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை, நடுவில் கை சும்மா இருந்தால் சீவல். புகையிலையைத் தொட்டதில்லை என்பதில் கொஞ்சம் கர்வமே உண்டு. போன வருடம் சாம்பார்கூட வாயில் நெருப்பாய் எரிய ஆரம்பித்தது. டாக்டர் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டார், சீட்டில் 'பழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதினார், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வாய்ப்புண் களிம்பும் கொடுத்தார். பாக்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுவதை யார் கெட்ட பழக்கம் என்று நினைப்பார்கள்?

கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "நல்லா திறங்க" என்றார் பல் டாக்டர். திறந்துகொண்டுதான் இருந்தேன்! மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார். இரண்டுக்கு மேல் நுழையவில்லை. அளந்தால் 24 மில்லிமீட்டர். "பாக்கு போடுவீங்களா?" என்று முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். பல்லை விட்டுவிட்டு, பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் பயணம் வீண். தப்பு என்னுடையது. 'கடைசியாக ஒன்று' என்று பஸ் ஸ்டாண்டில் போட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், வரிசையில் நின்று வாயைத் திறந்தால், "எல்லாம் சிவப்பா இருக்கு, வெள்ளைத் திட்டு இருந்தாலும் தெரியாது, நாளைக்கு வாங்க." போகிறவர்கள் தயவுசெய்து முந்தின நாளே நிறுத்திவிட்டுப் போங்கள்.

மறுநாள் கன்னத்தின் உட்பக்கம் தடவிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள்: சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். பாக்கில் இருக்கும் அரிகோலின் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நாரைச் சேர்த்துக்கொண்டே போகுமாம். சதை நெகிழ்வை இழந்து பட்டை பட்டையாக இறுகிவிடும். புகையிலை இல்லாமலா என்று கேட்டேன். வெறும் பாக்குகூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது என்றார்கள். என் கர்வம் அங்கேயே போயிற்று.

அப்புறம் பயாப்சி, அதாவது சதையைக் கொஞ்சம் எடுத்துப் புற்று இருக்கிறதா என்று பார்ப்பது. மரத்துப்போக ஊசி, சின்னத் துண்டுச் சதை, இரண்டு தையல், வலியே இல்லை. வலித்தது அதற்குப் பிறகுதான். சதை இருந்த பாட்டிலை என் கையிலேயே கொடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கவுண்டரில் இருந்தவர் வாங்க மறுத்துவிட்டார். ஓ.பி. சீட்டில் இனிஷியல் எஸ், படிவத்தில் கே. டாக்டர் திருத்திக் கையெழுத்துப் போடணும். டாக்டரோ வகுப்புக்குப் போய்விட்டார். ஒரு மணிக்குக் கவுண்டர் மூடிவிடும். வாயில் பஞ்சு, பேச முடியாது, கையால் ஜாடை காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் நின்ற ஓர் அம்மா, "அந்தத் தம்பிக்கு வாய் தைச்சிருக்கு, நீங்களே ஃபோன் பண்ணிக் கேளுங்களேன்" என்று எனக்காகக் குரல் கொடுத்தார். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பாட்டில் உள்ளே போனது. பாட்டில் லேபிளில் பெயர், வயது, ஓ.பி. எண் மூன்றும் சரியா என்று அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள். வேறு மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேட்பதாக இருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்லைடையும் (சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டு) பிளாக்கையும் (சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ரிப்போர்ட்டில் புற்று இல்லை. ஆனால் அப்படி மாறக்கூடிய நிலை, தொடர்ந்து பார்க்க வேண்டும். இறுகியது முழுதாகப் பழையபடி ஆகாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். கன்னத்துக்குள் வாரம் ஒரு ஊசி, ஸ்டீராய்டும், இறுக்கத்தைத் தளர்த்தும் ஹயலூரோனிடேஸ் என்ற என்சைமும். தினமும் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பயிற்சி. ஆரம்பத்தில் பன்னிரண்டு குச்சி, இப்போது பதினாலு.

பாக்கை விட்ட முதல் பத்து நாள் தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். வீட்டில் பாவம். பதிலுக்குக் கிராம்பு மெல்லுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், எரிகிற வாய்க்கு அது தாங்காது. புகையிலையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

போன வாரம் என் கேஸ் ஷீட்டை வாங்கி, பழக்கம் என்ற இடத்தில் 'பாக்கு, 18 வருடம்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். முதலில் பிடுங்கப் போன கடைவாய்ப்பல் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. இன்னும் இரண்டு குச்சி ஏறட்டும், எடுத்துவிடலாம் என்கிறார் பல் டாக்டர்.